நீரடி நிலம்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஊர் ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் பெருமை இதற்கு உண்டு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அனந்தசரசு என்னும் திருக்குளமும் இவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. ஊரை அடுத்துப் பெரிய ஏரி ஒன்றும் உண்டு. அதன் உபரிநீரும், அண்மையிலுள்ள பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரிநீரும் கால்வாய்களின் வழியே சென்று செம்பரம்பாக்கம் ஏரியைச் சேரும். இவ்வாறு ஏரியும் வயலுமாய் விளங்கிய நிலப்பகுதி, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியாக மாறி வந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் ஆகிய இடங்களில் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பூங்காக்களில் கார்களும் மின்னணுக் கருவிகளும் பிற பொருள்களும் செய்யப்படுகின்றன.

இத்தொழிற்சாலைகளுள் ஒன்று மணலைக் கண்ணாடியாக்குவது. செயிண்ட் கோபெய்ன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இவ்வூரில் அதனை நிறுவிற்று. தூய மணலோடு சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் பிறவும் சேர்த்துப் பேருலையில் உருக்குவர். உருகிய குழம்பை, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து பரவவிடுவர். அது ஆறியதும் மேடு பள்ளமற்ற கண்ணாடித் தகடு கிடைக்கும். இம்முறையை இங்கிலாந்து நாட்டுப் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். இத்தகைய தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவதே இன்று கடைதோறும் காணப்படும் மீன் தொட்டி. எனவே தொட்டியின் நான்கு சுவர்களும் ஒரு காலத்தில் மணலாய் இருந்தவையே. அதன் தரையில் பரப்பப்படுவதும் பெரும்பாலும் மணலே. சுவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புத் தொட்டி வாங்குவோனுக்கு இல்லை; அதனைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவன் அவனே. அதில் பிழை நேர்ந்தால் செடி மடியும். சில நாளில் மீனும் மடியும்.

பெரும்பாலோர் செய்வது என்ன? கடைக்குச் சென்று, கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் கூழாங்கற்களை வாங்குவர். நீலமும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய கற்கள் அவர் மனத்தைக் கவரும். அவற்றைத் தொட்டியில் கொட்டி, நீர் நிரப்பி, நாலைந்து செடிகளை ஊன்றி, அன்று மாலையே மீன்களையும் விட்டுவிடுவர். முதல் வாரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். இரண்டாம் வாரத்தில் இலைகள் வெளிறத் தொடங்கும். பின்னர்ச் சில இலைகளில் ஊசித் துளைகள் போன்ற ஓட்டைகள் தோன்றும். வேரைப் பிடுங்கிப் பார்த்தால், அது கற்களின் இடுக்கில் பிடிப்பின்றி அழுகிக் கிடக்கும். செடி கெட்டது என்று கருதி வேறு செடி வாங்கி நடுவர். அதுவும் அவ்வாறே ஆகும். தங்கட்குக் 'கைராசி' இல்லை என்று முடிவு கட்டி, நெகிழியாற் செய்த செடியை வாங்கி வைப்போரும் உளர். கைராசிக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. பசித்தவனுக்கு வண்ணக் கல்லைப் பரிமாறியது போன்ற செயல் அது.

நீருக்குள் ஒரு சிறு உலகை அமைக்கும் கலையில், தரைக்கு உள்ள இடத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர் இலண்டன் மாநகரில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர். மீன் வாழும் கலத்தின் நீரை அடிக்கடி மாற்றாமலே அதனைத் தூய்மையாய் வைத்திருத்தல் கூடுமா என்பது அவர் ஆராய்ந்த வினா. ஒரு கண்ணாடிக் கலத்தின் அடியில் மணலும் சேறும் சிறு கற்களும் இட்டார். நாடா போன்ற நீண்ட இலைகளையுடைய வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியின் வேரை அச்சேற்றில் பதித்தார். இரண்டு பொன்மீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் ஏற்கும் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரியே, ஆயினும் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கலக்கின. அதற்கும் அவர் வழி கண்டார். குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்த்தன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. இச்செய்தியை அவர் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, 1853-இல், இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் காணும் மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. தமிழகத்தில் அத்தகைய காட்சிசாலை ஒன்று, எட்கர் தர்ஸ்டன் என்பாரின் முயற்சியால் உருவாகி, 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. அஃது இப்போது இல்லை.

வாரிங்டன் இட்டது வெறும் மணல் அன்று. சேறும் கலந்த மணல் என்பது நோக்கத்தக்கது. குளத்தில் வேரூன்றி வளர்ந்த செடிக்குக் குளத்தின் நிலத்தையே அவர் கொடுத்தார். பிற்காலத்தார் பலர் மீனுக்கு ஏற்றவாறு தொட்டியை அமைத்துவிட்டுச் செடியை அதனுள் அணிகலன் போலச் செருகியதனால், இச்செய்தி மறக்கப்பட்டது.

செடிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மூதுரையில் ஔவையார், நீர் வற்றிய குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளையும், அக்குளத்திலேயே ஒட்டிக் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவற்றையும் காட்டி உறவின் இயல்பை விளக்குகிறார். அம்மூன்றும் போகாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றின் கிழங்கும் வேரும் சேற்றினுள் புதைந்திருத்தலே. அவை தமக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியை நிலத்திலிருந்து எடுக்கின்றன. ஆகாயத்தாமரையோ நிலத்தைத் தொடுவதே இல்லை. மிதந்துகொண்டே நீரில் கரைந்துள்ள உணவை உண்ணும். வேலம்பாசி போன்றவை ஒரு துண்டை ஒடித்து நீரில் போட்டாலும் தழைக்கும். வேறு சில, பாறையிலும் மரக்கட்டையிலும் பற்றி வளர்வன. அவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிப்போகும். ஆதலின், என்ன தரை இடுவது என்னும் வினாவுக்கு முன்னே, என்ன செடி நடுவது என்னும் வினா எழ வேண்டும். மிதப்பனவும் பற்றி வளர்வனவும் மட்டும் போதும் என்பவனுக்குக் கழுவிய மணலே போதும்; அவன் மண்ணைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கொட்டியோ ஆம்பலோ வாலிஸ்நேரியாவோ வேண்டுமெனில், அவற்றுக்கு உணவு தரும் நிலம் வேண்டும்.

மணல் ஏன் உணவு தருவதில்லை? மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு கல். நீரில் கரைந்த உணவுப் பொருள்கள் அதன்மேல் ஒட்டுவதில்லை, உருண்டு ஓடிவிடும். களிமண்ணின் இயல்பு வேறு. அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, தட்டையானவை. அவற்றின் பரப்பில் எதிர் மின்னேற்றம் உண்டு. அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு முதலியவற்றின் கரைந்த துகள்கள் நேர் மின்னேற்றம் உடையவை. ஆகவே களிமண் அவற்றைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். வேர் அவ்விடம் வந்து ஒரு துகளைக் கேட்டால், அதற்கு ஈடாக வேறொரு துகளைப் பெற்றுக்கொண்டு கொடுத்துவிடும். மக்கிய இலைகளால் ஆன மட்கும் இத்தன்மையுடையதே. களிமண்ணை நிலத்தின் களஞ்சியம் எனலாம். மணற்பாங்கான கொல்லையில் இட்ட உரம் ஒரு மழையில் கரைந்தோடுவதையும், வண்டல் வயலில் இட்ட உரம் நிலைத்து நிற்பதையும் உழவர் நன்கறிவர். தொட்டியில் நிகழ்வதும் அதுவே.

அப்படியாயின் களிமண்ணையே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. வெறுங் களிமண் இறுகி, வேர் நுழைய முடியாத கட்டியாகிவிடும். மீன் சிறிது கிளறினாலும் கரைந்து நீர் முழுவதும் சேறாகும். காற்று உட்புகாத ஆழத்தில், அழுகிய முட்டையின் நாற்றமுடைய நச்சு வாயு தோன்றும். கரிசல் மண் நனைந்தால் உப்பிக் குழையும். அது தொட்டிக்குச் சிறிதும் ஏற்றதன்று. ஆகவே உணவுக்குச் சிறிது களியும், உறுதிக்கும் காற்றோட்டத்திற்கும் மணலும் வேண்டும். இவ்விரண்டையும் எங்கே பெறுவது, எவ்வாறு அடுக்குவது என்பதிலேதான் அறிவு செயற்பட வேண்டும்.

முதலில் மணலைக் காண்போம். ஒரு காலத்தில் இப்பகுதியினர் வீடு கட்டப் பாலாற்று மணலையே நாடினர். உருண்டு தேய்ந்த அம்மணல் தொட்டிக்கும் உகந்ததே. அளவின்றி அள்ளப்பட்டதனால் ஆற்றுப்படுகை தாழ்ந்து, கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்ந்தது. இன்று இசைவின்றி ஆற்று மணலை அள்ளுதல் குற்றம். தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழும் இடங்களில் இப்போது குவிந்து கிடப்பது, கருங்கல்லை உடைத்துச் செய்யப்படும் எம்-சாண்ட். அதனைத் தொட்டியில் இடலாமா? இடலாம், ஆனால் அதில் கலந்துள்ள கல்மாவு நீங்கும்வரை பலமுறை கழுவ வேண்டும். அதன் துகள்கள் கூர்மையானவை என்பதையும் மறத்தலாகாது. அயிரை மீன் மணலைத் துளைத்து உள்ளே புதைந்து கிடக்கும் இயல்புடையது. அதன் வாயைச் சுற்றி மெல்லிய மீசைகள் உண்டு. கூரிய மணலில் அம்மீசைகள் தேய்ந்துபோகும், வயிறும் புண்படும். அயிரை வளர்க்க விரும்புவோன் உருண்டு தேய்ந்த, மெல்லிய மணலையே தேட வேண்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். அது நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது.

சிப்பியில் உள்ள பொருளே சுக்கான்கல்லிலும் உண்டு. அது சுண்ணாம்பு. வயல்களிலும் ஓடைகளிலும் வெண்மையான முண்டுகளாகக் கிடக்கும் சுக்கான்கல் மணலில் கலந்திருந்தால், அது மெல்ல மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் முன்னமே கடினமானது. அதன்மேல் இதுவும் சேர்ந்தால், இரும்பு போன்ற சில உணவுப் பொருள்கள் செடிக்கு எட்டாதவாறு ஆகிவிடும். இதனைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி மணலைக் கிண்ணத்தில் இட்டு, வினிகர் என்னும் காடியைச் சிறிது ஊற்றுக. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு, பொங்காவிடில் இல்லை. கற்களையும் இவ்வாறே சோதித்த பின்னரே தொட்டியில் வைக்க வேண்டும்.

அடுத்து மண். ஏரிகள் நிறைந்த நாட்டில் வண்டல் மண்ணுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் மேட்டு நிலங்களிலிருந்து ஓடிவரும் நீர், தன்னுடன் நுண்மண்ணையும் மக்கிய இலை தழைகளையும் சுமந்து வந்து ஏரியில் நின்று தெளியும். சுமந்து வந்தது அடியில் படியும். கோடையில் ஏரி வற்றியதும் உழவர் அவ்வண்டலை வண்டிகளில் ஏற்றிச் சென்று வயலில் பரப்பினர். அதனால் வயலுக்கு உரமும் கிட்டியது. ஏரியும் தூர்ந்துபோகாமல் ஆழம் பெற்றது. இவ்வழக்கம் இடையில் தளர்ந்தது. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தது. இன்றும் அதற்கு முறையான இசைவு பெறுதல் வேண்டும்.

நின்ற நீரின் அடியில் நுண்மண் படிவது நேற்று இன்று தொடங்கிய செயல் அன்று. நிலவியல் அறிஞர்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயராலேயே ஒரு பாறைத் தொகுதியை வழங்குகின்றனர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னே நீரடியில் படிந்த களியும் மணலும் இறுகி அப்பாறைகளாயின. அவற்றைப் பிளந்தால், அக்காலத்துச் செடிகளின் இலைகள் நரம்பு தெரியப் பதிந்திருப்பதைக் காணலாம். பறவைகளும் விலங்குகளும் இன்றுள்ள வடிவம் பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே உதிர்ந்த இலைகள் அவை. மென்மையான சேறு அவற்றை ஏந்திக் காத்தது.

ஆயினும் ஏரிக்கரையில் கண்ட மண்ணை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருதல் அறிவுடைமை ஆகாது. கழிவுநீர் கலக்கும் கால்வாய்களின் ஓரத்திலும், பெருஞ்சாலைகளின் ஓரத்திலும் கிடக்கும் மண்ணில் எண்ணெயும் உலோகக் கசடும் இருக்கக் கூடும். மேலே கூறியவாறு களிமண் எதனையும் பற்றி வைத்துக்கொள்ளும் களஞ்சியம். நன்மையைப் பற்றுவது போலவே நஞ்சையும் பற்றும். நெல்வயலில் அண்மையில் பூச்சிமருந்து தெளித்திருந்தாலும் அம்மண் ஆகாது. மருந்து படாத வயலின் மண்ணோ, உரமிடாத வீட்டுத் தோட்டத்து மண்ணோ சாலச் சிறந்தது. சாணமும் ஆட்டெருவும் புதிதாய்க் கலந்த மண்ணை விலக்குக. அவை தொட்டிக்குள் அழுகி நீரைக் கெடுக்கும்.

எடுத்த மண்ணில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதை ஒரு கண்ணாடிப் புட்டியே சொல்லிவிடும். புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, மூடியிட்டு நன்கு குலுக்கி, அசையாமல் வைத்துவிடுக. ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களியோ ஒரு நாளும் இரு நாளும் கலங்கலாகவே நின்று, பின்னரே மெல்லிய ஏடாகப் படியும். மேலே மிதப்பன மக்காத சருகும் வேரும்; அவற்றை நீக்கிவிட வேண்டும். மூன்று ஏடுகளின் உயரத்தையும் ஓர் அளவுகோலால் அளந்தால் மண்ணின் இயல்பு விளங்கிவிடும். களி பாதிக்கு மேல் இருந்தால் மணல் கலந்துகொள்ளலாம்.

மண்ணில் இரும்பு குறைவாயின் செம்புரை துணை செய்யும். 1800-ஆம் ஆண்டில் மலையாள நாட்டின் வழியே சென்ற பிரான்சிஸ் புக்கானன் என்னும் அறிஞர், அங்காடிப்புறம் என்னும் ஊரில் மக்கள் நிலத்திலிருந்து கல்லை வெட்டி எடுப்பதைக் கண்டார். வெட்டும்போது மென்மையாய் இருந்த கல், காற்றுப்பட்டதும் இறுகிற்று. 1807-இல் வெளியான தம் நூலில், செங்கல் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்று அதற்குப் பெயரிட்டார். அதுவே நம் செம்புரைக்கல். அதன் செந்நிறம் இரும்புத் துருவின் நிறமே. பிற்காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனி நாட்டுத் தொட்டி வளர்ப்போர் செம்புரைத் தூளைச் சரளையோடு கலந்து தரையமைத்துச் சிறந்த பயன் கண்டனர். நம் நாட்டில் வீட்டுச் சுவருக்கு வெட்டிய கல், அவர் நாட்டில் சிறு பொட்டலங்களில் விலைக்கு விற்றது!

துருப்பிடித்த இரும்பு நீரில் கரையாது. கரையாததைச் செடி உண்ணவும் முடியாது. ஆயின் செம்புரை பயன்படுவது எங்ஙனம்? இதற்கு விடை நெல்வயலில் உள்ளது. நீர் தேங்கிய வயலின் சேற்றில் பிராணவாயு இல்லை. அந்நிலையில் துரு தன் வடிவம் மாறி நீரில் கரையும். கரைந்த இரும்பு வேரை நோக்கி வரும். நெற்பயிர் தன் தாளின் வழியே காற்றை வேருக்குக் கொண்டு செல்லும் ஆற்றல் உடையது. வேரின் வெளிப்புறத்தில் கசியும் பிராணவாயு பட்டதும், மிகுதியான இரும்பு மீண்டும் துருவாகி வேரின்மேல் செம்பூச்சாகப் படியும். நாற்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் இச்செந்நிறத்தைக் காணலாம். வேருக்கு வேண்டிய அளவு இரும்பு கிட்டும். நஞ்சாகும் அளவு உள்ளே நுழையாமல் தடுக்கப்படும். கண்ணாடித் தொட்டியில் வேரூன்றிய நீர்ச்செடிகளும் இவ்வாறே தம் வேரைச் சுற்றியுள்ள சேற்றுக்குப் பிராணவாயுவை ஊட்டுகின்றன. செடி செழித்தால் தரை கெடாது; தரை நன்றாயின் செடி செழிக்கும்.

இனி அடுக்கும் முறையைக் கூறலாம். அமெரிக்க நாட்டு டயானா வால்ஸ்டாட் என்னும் அம்மையார், 1999-இல் வெளியிட்ட நூலொன்றில், தோட்டத்து மண்ணைக் கீழே இட்டு அதன்மேல் மணலையோ சிறு சரளையையோ மூடும் எளிய முறையை விளக்கினார். மண் ஓர் அங்குலம். மணல் ஓர் அங்குலம் அல்லது சிறிது மிகுதி. மணல், துகளுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவினதாய் இருத்தல் நலம். மாவு போன்ற மணல் காற்றை அடைத்துவிடும். பருத்த கூழாங்கல்லின் இடுக்கில் மீன் தின்னாத இரை விழுந்து அழுகும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டிக்கு எவ்வளவு வேண்டும்? ஏறத்தாழ 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், பரப்பு 1,800 சதுர செ.மீ. மண் 2.5 செ.மீ. உயரத்திற்கு இட, 4,500 கன செ.மீ., அதாவது நாலரை லிட்டர் வேண்டும். மணல் 3 செ.மீ. உயரத்திற்கு இட, 5.4 லிட்டர் வேண்டும். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலாகக் கனக்கும். ஆகவே மணலின் எடை மட்டும் எட்டரைக் கிலோ அளவாகும். நீரும் நிறைந்த பின் தொட்டியை நகர்த்த இயலாது. இடத்தை முன்னரே தேர்ந்து வைத்தல் வேண்டும். பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் தரை சரிந்திருந்தால் பார்வைக்கும் இனிது. பெருவேர்ச் செடிகளுக்குப் பின்னே ஆழமும் கிட்டும்.

மண்ணை நனைத்துக் குழைத்துப் பரப்பி, அதன்மேல் கழுவிய மணலைச் சீராக மூடி, ஒரு தட்டை வைத்து அத்தட்டின்மேல் நீரை மெல்ல ஊற்றுக. நேரே ஊற்றினால், ஒரு நாள் உழைப்பு ஒரு நொடியில் சேறாகும்.

கடைகளில் விற்கும் ஆயத்த மண்ணைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஜப்பான் நாட்டில் தகாஷி அமானோ என்பவர் நீர்த்தோட்டக் கலையை உலகறியச் செய்தார். அவர் வழி வந்தோர், மண்ணைச் சிறு மணிகளாகத் திரட்டிச் சூடேற்றிச் செய்த தரைப்பொருளைப் பயன்படுத்துகின்றனர். வண்ண மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர்க் கடைகளிலும் அத்தகைய மணிகளை வாங்கலாம். அவை களியின் களஞ்சியத் தன்மையையும் மணலின் காற்றோட்டத்தையும் ஒருங்கே உடையன. நீரின் கடினத்தையும் சிறிது குறைப்பன. குறை என்னவெனில், விலை மிகுதி. சில ஆண்டுகளில் மணிகள் உடைந்து சேறாகும். பொருள் உள்ளவர் வாங்கட்டும். ஆலைக்கு வேலைக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞனும், பள்ளி அறிவியல் கழகத்து மாணவரும் அதற்காக ஏங்க வேண்டுவதில்லை. வயல் மண்ணும் கழுவிய மணலும் அறிந்து இடப்பட்டால் அதே வேலையைச் செய்யும்.

தரை அமைத்த அன்றே மீன் விடுதல் பெருந்தவறு. புதிதாய் நனைந்த மண்ணிலிருந்து அம்மோனியா வெளிப்படும். அது மீனின் செவுளை எரிக்கும் நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. இவ்வுயிர்களின் செயலை 1890-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர். நைட்ரைட்டும் மீனுக்குத் தீயதே. நைட்ரேட்டு அவ்வளவு தீயதன்று, செடிக்கு அஃது உணவுமாகும். இந்நுண்ணுயிர்கள் மணலின் ஒவ்வொரு துகளிலும் குடியேறிப் பெருகப் பல வாரங்கள் ஆகும். அக்காலம் முழுவதும் தொட்டியில் செடி மட்டுமே இருக்க வேண்டும். நாள்தோறும் பார்த்துப் பார்த்துச் சலிக்கும் சிறுவனுக்கு இக்காலம் நீண்டதாய்த் தோன்றும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சோதனை மருந்து கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் இல்லை என்று அது காட்டிய பின்னரே மீனை விடுதல் தகும்.

இடையே தரையிலிருந்து சிறு குமிழிகள் எழுவதுண்டு. மண்ணிலுள்ள மட்கு சிதைவதால் எழும் அக்குமிழிகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாற்றம் வீசினால்தான் கவனம் வேண்டும். மெல்லிய குச்சியால் ஆங்காங்கே குத்திவிட்டால் வாயு வெளியேறும். திருகு போன்ற நீண்ட ஓடுடைய நத்தைகள் சில நம் குளங்களிலேயே உண்டு. அவை பகலில் மணலுக்குள் புகுந்தும் இரவில் வெளிவந்தும் திரிவன. கூலியின்றி உழும் உழவர் எனலாம். வாரிங்டன் நத்தையை விட்டது மேலே அழுகும் இலைக்காக. இந்நத்தை கீழே இறுகும் மணலுக்காக.

கொட்டி நடுவோர், அதன் கிழங்கை ஆழப் புதைத்தலாகாது. கீழ்ப்பாதி மணலில் இருக்க, முளை வெளியே தெரிய வைத்தல் வேண்டும். கொட்டியின் இனத்தைச் சேர்ந்த செடிகள் உலகெங்கும் மீன் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படுகின்றன. கொட்டியோ நம் குளங்களின் சொந்தச் செடி. குளம் தூர்ந்து மனையாகும் இடங்களில் அதன் கிழங்கும் மண்ணோடு மறைந்துவிடுகிறது. கோடையில் குளம் வற்றினாலும் அது சேற்றுக்குள் உறங்கும். மழை வந்து நீர் தேங்கியதும் விழிக்கும். தொட்டியிலும் அவ்வாறே சில நாள் ஏதும் தோன்றாமல் கிடக்கும். பொறுமையிழந்து கிழங்கைத் தோண்டிப் பார்ப்போர் அதனைக் கெடுத்துவிடுவர். முதலில் வெண்மையான வேர்கள் மணலைத் துளைத்து மண்ணுக்குள் இறங்கும்; கண்ணாடியை ஒட்டி நட்டிருந்தால் அவை கீழே சென்று கரிய மண்ணைத் தொடுவதையும் காணலாம். அதன் பின்னரே, சுருண்ட ஓர் இலை மேல்நோக்கி எழுந்து, நீர்ப்பரப்பை அடைந்து விரியும்.